வெளியே போகும் வண்டிகள்

நாங் கம் பாஸ்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினாள். பிறகு கடைசியிலிருந்து முதல் வரை புரட்டினாள்.

"ஸ்டாம்ப் எங்கே?" என்று கேட்டாள்.

ரூபினி கஞ்சிக் கிண்ணத்திலிருந்து நிமிர்ந்தாள். மே ஹோங் சோனில் அவளுக்கு அது முதல் காலை. விடுதி முற்றத்துக்கு அப்பால், மலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பனி.

"என்ன ஸ்டாம்ப்?"

நாங் கம் விடுதியின் சொந்தக்காரி. ஐம்பது வயது இருக்கும். பர்மா எல்லைப்புற ஷான் இனத்தவள். ஆங்கிலத்தை ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் குடிநுழைவுத் துறைக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்று நேற்று மாலை இரண்டு பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்திருந்தாள். இப்போது இன்னொன்றைத் திறந்து மேசையில் வைத்தாள். அது ஹேமநாதனுடையது. ஏழாம் பக்கத்தில் தாய்லாந்து முத்திரை இருந்தது. செவ்வாய்க்கிழமைத் தேதி.

"இது உன் கணவர். இது நீ."

ரூபினியின் பாஸ்போர்ட்டில் எந்தப் பக்கத்திலும் எதுவும் இல்லை. ஒன்பது வருடமாக மலேசியாவின் ஜோகூரிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு தடவை பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போய் வருகிறவளின் பாஸ்போர்ட் அது. அங்கே எல்லாம் இயந்திரம். முதலில் கட்டைவிரல், பிறகு முகம், இப்போது கைப்பேசியில் க்யூஆர். யாரும் முத்திரை குத்துவதில்லை. காலிப் பக்கம் அவளை உறுத்தியதே இல்லை.

"முத்திரை இல்லையென்றால் நீ தாய்லாந்துக்கு வரவில்லை," என்றாள் நாங் கம்.

"இங்கதானே உக்காந்திருக்கேன்."

"உட்கார்ந்திருக்கிறாய். வரவில்லை."

ஹேமநாதன் வாசலில் காடியின் முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஜோகூர் தம்போயில் அவனுக்கு ஒரு வொர்க்‌ஷாப் இருக்கிறது. லாரிகளுக்கு பிரேக் மாற்றுகிறவன். நாலு நாள் ஓட்டி வந்த காடியை அதிகாலையிலேயே குளிப்பாட்டியிருந்தான்.

"என்னங்க, இங்க வாங்க. என் பாஸ்போட்டுல சாப் குத்தலையாம்."

அவன் துணியை மடித்தான். நான்காக மடித்தான். பிறகு வந்தான்.

"அலமாக்," என்று மலாயில் அலுத்துக்கொண்டான்.

மேசையில் கிடந்த பாஸ்போர்ட்டை அவன் எடுத்துப் பார்க்கவில்லை. ரூபினி அதைக் கவனித்தாள்.

நாங் கம் நின்றுகொண்டே பேசினாள். உள்ளே வரும்போது சாலையில் யாரும் பார்க்க மாட்டார்கள். வெளியே போகும் வண்டிகளைத்தான் பார்ப்பார்கள். பர்மா எல்லை பக்கத்தில் இருக்கிறது. இந்த மாநிலத்திலிருந்து எந்தச் சாலையில் இறங்கினாலும் சோதனைச் சாவடி உண்டு.

"எனக்குத் தெரியும்," என்றாள். "இருபத்திரண்டு வருடம் என்னிடம் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அட்டை இருந்தது. அந்த அட்டையை வைத்துக்கொண்டு இந்த மாநிலத்தை விட்டு வெளியே போக முடியாது. என் அக்காவிடம் இன்னும் அதுதான்."

"புடிச்சா என்ன செய்வாங்க?"

"வழக்கு. பிறகு உன் நாட்டுக்கு அனுப்புவார்கள். வெளியேற்றப்பட்டவர் என்று எழுதி அனுப்புவார்கள்."

"நானே போய்ச் சொன்னா?"

"அப்போது எழுதுவது வேறு. திங்கட்கிழமை எட்டரைக்கு ஆபீஸ் திறக்கும். நான் கூட வருகிறேன்."

"திங்கக்கிழமை ஆகாது," என்றான் ஹேமநாதன். "நாளைக்குக் காலையில நாங்க கெளம்பணும்."

அது உண்மைதான். ஞாயிறு கிளம்பினால் புதன் இரவு தம்போய். வியாழன் காலை ஒன்பது மணிக்கு ரூபினி சிங்கப்பூரில் இருக்க வேண்டும். புது வேலை அனுமதி அட்டைக்குக் கைரேகை வைக்கும் நாள் அது. உட்லண்ட்ஸில் ஒரு தொழிற்சாலையில் ஒன்பது வருடம் நின்றபடியே மின்பலகைகளைச் சோதித்தவளை இப்போது சூப்பர்வைசர் ஆக்கியிருந்தார்கள். பட்டியலில் அவளுக்கு அடுத்த பெயர் கிறிஸ்டின். தேதி தவறினால் கிறிஸ்டின் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. எந்த நாட்டிலிருந்தாவது நீங்கள் வெளியேற்றப்பட்டது உண்டா? ரூபினி 'இல்லை' என்று குறித்து, அடியில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தப் பதில் மாறினால் சூப்பர்வைசர் வேலை மட்டுமல்ல, பாலத்துக்கு அந்தப் பக்கம் எந்த வேலையும் இல்லை.

நாங் கம் இரண்டு பாஸ்போர்ட்டையும் மேசையில் விட்டுவிட்டு உள்ளே போனாள்.

"கஞ்சி ஆறுது, சாப்பிடு," என்றான் ஹேமநாதன். "கோயிலுக்குப் போலாம்."

*

நகரத்துக்கு மேலே குன்றின் உச்சியில் கோயில். சாலை கொண்டை ஊசியாக ஏறியது. இரண்டு வெள்ளைத் தூபிகள், பர்மியக் கட்டு. கீழே குளம், குளத்தங்கரையில் இன்னும் இரண்டு கோயில்கள், ஊருக்கு நடுவே விமான ஓடுபாதை. சுற்றிலும் மலை. பனி விலகியிருந்தது.

வரவேண்டும் என்று ஆசைப்பட்டவள் ரூபினிதான். உடன் வேலை செய்யும் தாய்லாந்துப் பெண் காட்டிய படம் ஒன்றை ஆறு வருடமாகக் கைப்பேசியில் வைத்திருந்தாள். இப்போது படத்துக்குள்ளேயே நின்றாள்.

பெரிய தூபியைச் சுற்றிச் சிறு மாடங்கள். பிறந்த கிழமைக்கு ஒரு மாடம், கிழமைக்கு ஒரு விலங்கு. அவரவர் கிழமையில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ சனிக்கெழமைதானே?" ஹேமநாதன் பலகையைப் படித்தான். "சனிக்கு நாகம். பரவால்ல, நல்ல சாமி. எனக்கு வியாழன். வியாழனுக்கு என்ன போட்டிருக்கான்?"

"எலி."

"எலியா?"

"எலிதான். பொருத்தமா வச்சிருக்காங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து எலியின் மேல் ஊற்றினான். கொஞ்சம் அவன் காலில் சிந்தியது.

விளிம்புச் சுவரோரம் போய் நின்றார்கள். கீழே ஒரு சின்ன விமானம் ஓடுபாதையின் முனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"ப்ளைட்டுல போயிடேன் நீ," என்றான்.

"ஏர்போட்டுல பாஸ்போட் பாக்க மாட்டாங்களா?"

"ஆமா லா."

விமானம் ஏறி மலைக்கு மேலே போயிற்று. சத்தம் வெகுநேரம் இருந்தது.

"எப்பத் தெரியும் உங்களுக்கு?" என்று ரூபினி கேட்டாள்.

"என்னது?"

"காலையில நீங்க என் பாஸ்போட்டைத் தொடவே இல்ல. பாக்காமலே அலமாக்னு சொன்னீங்க."

அவன் சுவரில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினான்.

"கேக்கறேன்ல."

"ஹாட்யாய்ல."

"ஹாட்யாய்ல எப்ப?"

"மொத நாளே. ஹோட்டல் கவுண்டர்ல பாஸ்போட் குடுக்கும்போது பாத்தேன். நீ காடியில இருந்தே."

ஹாட்யாயிலிருந்து எல்லை ஒரு மணி நேரம். ரூபினி அதைக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. அன்று அந்த ஒரு மணி நேரமும் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்து, குளித்து, காடியின் பின் சீட்டில் போர்வைக்குள் சுருண்டவள். யோங் பெங் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டாள். இடையில் ஒரு தடவை எல்லையின் மலேசியப் பக்கத்தில் எழுப்பினான். முகத்தைக் காட்டிவிட்டு மறுபடியும் படுத்தாள். "நீ தூங்கு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்," என்றான். அதற்குப் பிறகு நினைவில்லை.

"தாய்லாந்து பக்கம் என்ன நடந்துச்சு? ஒழுங்கா சொல்லுங்க."

"என்ன நடந்துச்சு, ஒன்னும் நடக்கல. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே ஃபாரம்தான் ஆன்லைன்ல போட்டேன். க்யூஆர் வந்துச்சு. உட்லண்ட்ஸ்ல எப்படி? காடியில நாலு பேர் இருந்தாலும் ஒரே க்யூஆர். காட்டுனா எல்லாருக்கும் பச்சை லைட். அதே மாரிதான்னு நெனச்சேன். என் பாஸ்போட்டைக் குடுத்தேன், சாப் குத்துனான். க்யூஆரைக் காட்டுனேன். போன்னான். போனேன்."

"பின்னாடி ஆள் இருக்குன்னு சொன்னீங்களா?"

"கேக்கல."

"கேக்கலையா? கண்ணாடி கறுப்பு. நான் போர்வைக்குள்ள. அவனுக்கு எப்படித் தெரியும், சாமியா அவன்?"

"எறங்கி நடந்து போய் சாப் குத்திக்கணுமாம் பின்னாடி இருக்கறவங்க. அது எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு ரூபி. தெரியாமத்தான் செஞ்சேன்."

"அது தெரியாமச் செஞ்சது. ஹாட்யாய்க்கு அப்புறம்?"

அவன் மறுபடியும் மெழுகைச் சுரண்டினான்.

"ஒரு மணி நேரம். காடியைத் திருப்பியிருந்தா ஒரு மணி நேரம். மன்னிச்சுக்குங்க, தூங்கிட்டேன்னு நானே சொல்லியிருப்பேன். அதை விட்டுட்டு ரெண்டாயிரம் கிலோமீட்டர் கூட்டிட்டு வந்திருக்கீங்க. பர்மா வாசல் வரைக்கும்."

"சொன்னா நீ அப்படியே வீட்டுக்குப் போலாம்னு சொல்லுவே."

"சொல்லியிருப்பேன்."

"அதான்." அவன் குரல் உயர்ந்தது. தூபியருகே இருந்த ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார். அவன் தணிந்தான். "ஆறு வருசமா சொல்லிட்டிருக்கே இந்த எடத்தை. ஒவ்வொரு தடவையும் ஒன்னு. ஒனக்கு ஓவர்டைம்னு கூப்பிடுவான், இல்ல எனக்கு லாரி வந்துரும். இந்தத் தடவை கெளம்பிட்டோம். அதை நானே கெடுத்தேன்னு எப்படிச் சொல்றது?"

"நாலு நாளு என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டீங்க. ஒவ்வொரு ஹோட்டல்லயும் உங்க பாஸ்போட்டை மட்டும் எடுத்துக் குடுத்தீங்க."

"பார்டர்ல செட்டில் பண்ணிக்கலாம்னு பாத்தேன்."

"யாரை வச்சு?"

"யாராச்சும் இருப்பான்."

"யாரு?"

"பாக்கலாம்னு சொல்றேன்ல."

ரூபினி கீழே ஊரைப் பார்த்தாள். அவள் வந்த சாலை மலைக்குள் நுழையும் இடம் தெரிந்தது. ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வளைவு என்று அவன் வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தான். ஒவ்வொரு வளைவிலும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

"நாளைக்கு நீ பின்னாடி படுத்துக்க," என்றான் ஹேமநாதன். "வந்த மாரியே. சாவடியில டிரைவரைத்தான் பாப்பான். மலேசியா காடி, டூரிஸ்ட். தொந்தரவு பண்ண மாட்டான்."

அவள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள்.

*

மாலையில் அவன் சந்தைக்குப் போய்த் தடிமனான போர்வை ஒன்று வாங்கி வந்தான். மலைக்காரர் நெய்தது, சிவப்பும் கறுப்புமாக. அதைப் பின் சீட்டில் விரித்து, பையை ஒரு பக்கம் நகர்த்தி, தலையணை வைத்து, எட்ட நின்று பார்த்தான்.

ரூபினி சமையற்கட்டு வாசலில் நின்றாள். உள்ளே நாங் கம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சாவடியில ஞாயித்துக்கெழமை ஆள் இருப்பாங்களா?"

"எல்லா நாளும் இருப்பார்கள்."

"அங்க போய் நானே சொல்லலாமா?"

நாங் கம் பூண்டைக் கீழே வைத்தாள். "அது ஆபீஸ் இல்லை. அவர்கள் ராணுவம். நல்ல ஆள் இருந்தால் ஆபீசுக்கு எழுதுவான். நல்ல ஆள் இல்லையென்றால் பிடித்தேன் என்று எழுதுவான்."

"நாளைக்கு யாரு இருப்பாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்கன்னா என்ன செய்வீங்க?"

"நான் திங்கட்கிழமை வரை இருப்பேன்." மறுபடியும் பூண்டை எடுத்தாள். "ஆனால் எனக்கு வியாழக்கிழமை எதுவும் இல்லை."

ரூபினி அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமை ஆபீசில் அன்றே முடித்துவிடுவார்கள் என்று நிச்சயமில்லை. அதை விட்டால் இரண்டு வழி இருந்தது. படுத்துக்கொண்டு தப்பினால், இன்னும் எத்தனை சாவடி, எத்தனை போலீஸ், கடைசியில் எல்லை. எங்காவது ஓர் இடத்தில் ஒருவன் போர்வையை விலக்குவான். அப்போது அவள் பிடிபட்டவள். இல்லையென்றால் நாளைக்கே முதல் சாவடியில் இறங்கிச் சொல்வது. அது அங்கே நிற்கும் ஆளின் குணத்தைப் பொறுத்தது.

ஹேமநாதன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"காலையில ஏழு மணிக்குக் கெளம்பிடுவோம். சரியா?"

"சரி," என்றாள்.

*

ஞாயிறு காலை அவள் முன் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

"பின்னாடி," என்றான்.

"முன்னாடியே உக்காந்துக்கறேன். வளைவுல வாந்தி வருது."

"ரூபி, சொன்னாக் கேளு."

"நான் திருட்டுச் சாமான் இல்லீங்க. ஓட்டுங்க."

அவன் ஓட்டினான். சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறியது. மூங்கில், தேக்கு, சரிவில் சோளம் அறுத்த தாள். ஒரு கிராமத்தில் பன்றிக்குட்டிகள் குறுக்கே ஓடின. அவன் வழக்கத்தைவிட மெதுவாகத்தான் போனான். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்களுக்கெல்லாம் வழிவிட்டான். பாஸ்போர்ட்டை அவள் மடியில் வைத்திருந்தாள். இரண்டு கையையும் அதன் மேல் வைத்திருந்தாள்.

"கேட்டா மட்டும் குடு," என்றான்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"கேட்டா, தூங்கிட்டேன், தெரியாதுன்னு சொல்லு. நானும் நேத்துத்தான் பாத்தேன்னு சொல்லிக்கறேன்."

ஒரு வளைவு திரும்பியதும் சாவடி தெரிந்தது. சாலைக்கு மேல் தகரக் கூரை, மணல் மூட்டைகள், சிவப்புக் கூம்புகள். முன்னால் மூன்று வண்டிகள் நின்றன. முதலில் ஒரு பயணிகள் வேன். உள்ளே இருந்தவர்களை இறக்கி வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண்ணின் அட்டையைச் சிப்பாய் திருப்பிக் கொடுக்கவில்லை. ஓரத்து பெஞ்சைக் காட்டினான். அவள் போய் உட்கார்ந்தாள். வேன் அவளை விட்டுவிட்டுப் போயிற்று.

"இவன் மோசமான ஆள்," என்றான் ஹேமநாதன் உதடு அசையாமல்.

அடுத்த பிக்கப் போயிற்று. அதற்கடுத்த காரும் போயிற்று. ஹேமநாதன் கூம்புகளுக்கிடையே நிறுத்தி, கண்ணாடியை இறக்கினான். குளிர் உள்ளே வந்தது.

சிப்பாய் எண் பலகையைப் பார்த்தான். முகம் மாறிற்று.

"மலேசியா! கோலாலம்பூர்?"

"ஜோகூர்," என்றான் ஹேமநாதன். "ஜோகூர் பாரு. வெரி ஃபார்."

"வெரி ஃபார்!" சிப்பாய் சிரித்தான். ஹேமநாதனின் பாஸ்போர்ட்டை வாங்கி, முத்திரையைப் பார்த்து, திருப்பிக் கொடுத்தான். குனிந்து ரூபினியைப் பார்த்தான். "ஹாலிடே? குட்?"

"குட்," என்றாள் ரூபினி. அவளுக்கே கேட்கவில்லை.

சிப்பாய் பின்னால் நகர்ந்து கையை வீசினான். போகலாம்.

ஹேமநாதன் கியரைப் போட்டான். அவன் மூச்சு வெளியே வந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. காடி ஓரடி உருண்டது. முன்னால் சாலை காலியாக இருந்தது. வளைவுக்கு அப்பால் பாய் என்ற ஊர், சியாங் மாய், பிறகு பெரிய நெடுஞ்சாலை, புதன்கிழமை இரவு தம்போய். சும்மா இருந்தால் போதும். அவள் மூன்று விநாடி சும்மா இருந்தாள்.

பிறகு கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"என்ன செய்றே?"

அவன் மார்புக்குக் குறுக்கே சாய்ந்து, திறந்திருந்த ஜன்னல் வழியாகத் தன் பாஸ்போர்ட்டை வெளியே நீட்டினாள்.

"சார்," என்றாள். "நோ ஸ்டாம்ப்."

*

தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் ராணுவ உடையில் ஒரு பெண் அதிகாரி. ரூபினியின் வயதுதான் இருக்கும். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வரவில்லை. கைப்பேசியில் மொழிபெயர்ப்பைத் திறந்து மலாய் மொழியைத் தேர்ந்தெடுத்தாள். அவள் தாய்லாந்து மொழியில் சொன்னதைக் கைப்பேசி வானொலிச் செய்தி போல மலாயில் வாசித்தது.

ரூபினி எல்லாவற்றையும் சொன்னாள். செவ்வாய்க்கிழமை, பின் சீட்டு, தூக்கம், க்யூஆர். அதிகாரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கைப்பேசியை நீட்டினாள். வாங்கினாள். நீட்டினாள்.

"முத்திரை இல்லை என்று உங்களுக்கு எப்போது தெரியும்?"

"நேத்துக் காலையில. தங்கியிருந்த எடத்துல சொன்னாங்க."

"ஏன் இங்கே வந்தீர்கள்?"

"நேத்து ஆபீஸ் மூடியிருந்துச்சு. நீங்க இருக்கீங்கன்னு தெரியும். சொல்லத்தான் வந்தேன்."

அதிகாரி அவளைப் பார்த்தாள். பிறகு சற்றுத் தள்ளி நின்ற சிப்பாயிடம் ஏதோ கேட்டாள். சிப்பாய் கையை வீசிக் காட்டி, பிறகு ஜன்னல் வழியாக நீட்டுவது போலச் செய்து காட்டினான்.

இழுப்பறையிலிருந்து இரண்டு படிவங்களை எடுத்து மேசையில் பக்கம் பக்கமாக வைத்தாள்.

"தெரியாமல் வந்து, தானாகச் சொன்னவருக்கு இது," என்றது கைப்பேசி. "நாளைக் காலை குடிநுழைவு அலுவலகத்துக்கு அனுப்புவேன். அபராதம் கட்டி முத்திரை வாங்கலாம். அங்கே அப்படித்தான் முடிப்பார்கள் என்று நினைக்கிறேன். வெளியேற்றம் என்று எழுத மாட்டார்கள். தெரிந்தே மறைத்து வந்தவருக்கு இது. இது நீதிமன்றம்."

ரூபினி முதல் தாளைப் பார்த்தாள். அவள் கை மேசை விளிம்பில் இருந்தது.

"எதை எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. நான்கு ஊரில் தங்கியிருக்கிறீர்கள். நான்கு ஊரிலும் இரண்டு பேரும் பாஸ்போர்ட்டைத் திறக்கவில்லை என்பதை நான் நம்ப வேண்டும்." அதிகாரி கைப்பேசியை ஹேமநாதனின் பக்கம் திருப்பினாள். "உங்களுக்கு எப்போது தெரியும்?"

ஹேமநாதன் நின்றுகொண்டிருந்தான். காடிச் சாவி அவன் விரலில் மாட்டியிருந்தது.

"யெஸ்டர்டே," என்றான்.

பிறகு ரூபினியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பெஞ்சில் உட்கார வைக்கப்பட்ட பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் யாருக்கோ போன் செய்து மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி மறுபடியும் கேட்கவில்லை. கைப்பேசியை நீட்டியபடியே இருந்தாள். பேனா இரண்டு தாள்களுக்கும் நடுவே இருந்தது.

"இல்ல," என்றான் ஹேமநாதன் தமிழில். கைப்பேசிக்குப் புரியவில்லை. அவன் கைப்பேசியின் பக்கம் குனிந்து மலாயில் சொன்னான். "எனக்குச் செவ்வாய்க்கிழமையே தெரியும். ஹாட்யாயில் பார்த்தேன். இவளிடம் சொல்லவில்லை. ஹோட்டல்களில் என் பாஸ்போர்ட்டை மட்டும் கொடுத்தேன். இவளுக்குத் தெரியாது. மறைத்தது நான்."

கைப்பேசி அதைத் தாய்லாந்து மொழியில் சொன்னது. அவன் சொன்னதைவிட நீளமாக இருந்தது. சிப்பாய் சிரிப்பதை நிறுத்தினான்.

அதிகாரி முதல் தாளை ரூபினியின் முன்னால் நகர்த்தினாள். அதிலேயே எழுதத் தொடங்கினாள். எழுதி முடித்து, இரண்டாவது தாளைத் தன் பக்கம் இழுத்து, ஹேமநாதனின் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். பிறகு சாவியைக் கேட்டாள்.

"மனைவி நாளை முத்திரை வாங்கிய பிறகு போகலாம்," என்றது கைப்பேசி. "நீங்கள் போக முடியாது. சட்டத்தை மீறி இருப்பவரைத் தெரிந்தே ஏற்றி வந்திருக்கிறீர்கள். வண்டியும் இங்கேயே இருக்கும்."

"எத்தனை நாள்?"

அதிகாரி தோளைக் குலுக்கினாள். அதைக் கைப்பேசி மொழிபெயர்க்கவில்லை.

பிற்பகலில் ஊருக்குப் போகும் ராணுவப் பிக்கப் ஒன்றில் இரண்டு பேரையும் ஏற்றி விடுவதாகச் சொன்னார்கள். இன்றிரவு அதே விடுதியில் தங்கலாம். தேவையானதைக் காடியிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். சிப்பாய் பின் கதவைத் திறந்துவிட்டு எட்டப் போய் நின்றான்.

"நாளைக்கு மத்தியானம் பேங்காக்குக்கு ப்ளைட் இருக்கான்னு பாரு," என்றான் ஹேமநாதன். "அங்கேருந்து சிங்கப்பூர். செவ்வாய்க்கெழமையே போயிடலாம் நீ. வியாழனுக்கு முன்னாடியே."

"பாக்கறேன்."

"நீ போயிடு. எனக்காக நிக்காதே."

"போவேன்," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். கூரையின் இரும்புத் தூணில் சாய்ந்து நின்றான். "வேலைக்கு இருக்கற செல்வாவை வொர்க்‌ஷாப்பைப் பாத்துக்கச் சொல்லணும்," என்றான்.

"நீங்களே போன் பண்ணுங்க. என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க. எங்க வீட்டுக்கும் சேத்து."

"சொல்றேன்."

வரும்போது இரண்டு பேருக்கும் ஒரே பெட்டிதான் கட்டியிருந்தார்கள். ரூபினி அதைத் திறந்து, அவன் துணிகளை ஒரு பையிலும் தன் துணிகளை இன்னொன்றிலும் பிரித்து வைத்தாள். குளிருக்குக் கொண்டுவந்த சட்டை இரண்டும் அவனுக்கு. சார்ஜர் தனக்கு. பற்பசை ஒன்றுதான் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றாள். பிறகு அவன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள்.